அரை மணி நேரத் தொடரில் கதை எத்தனை நிமிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘சீரியலால்தான் குடும்பம் கெடுகிறது, டி.வி. பெட்டியைத் தூக்கித் தெருவில் போடுங்கள்’ என்று வாசகர் பகுதியில் மாதத்துக்கு ஒரு கடிதமாவது வந்துவிடுகிறது. எழுதுகிறவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர். அவர் பார்க்கும் கிரிக்கெட்டும் ஒன்பது மணிச் செய்தி விவாதமும் அந்தக் கணக்கில் வராது. அடுத்த வாரமே, ‘நாள் முழுக்க உழைக்கிற பெண்களுக்கு அது ஒன்றுதானே ஆறுதல்’ என்று பதில் கடிதம் வரும். தொடர் எப்படித் தயாராகிறது என்பதை இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை. தொடர்களின் எடிட்டிங் வேலை தெரிந்தவர்கள் தங்கள் வீட்டில் தொடர் பார்க்கிற விதமே தனி. எந்த இடத்தில் எழுந்து போகலாம், எப்போது திரும்பி வந்தால் போதும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்தக் கணக்கை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

அரை மணி நேர ஸ்லாட் என்றால் முப்பது நிமிடமும் கதை வராது. 1994-ஆம் ஆண்டு கேபிள் டி.வி. விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதில் 10 நிமிடம் வியாபார விளம்பரம், 2 நிமிடம் சேனல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அரை மணிக்கு 6 நிமிடம் என்று ஆகிறது. டைட்டில் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். முன்கதைக்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். கடைசியில் நாளைய ப்ரோமோ அரை நிமிடம். ஒவ்வொரு இடைவேளை முடிந்து வரும்போதும் விட்ட இடத்தின் கடைசி வசனத்தைத் திரும்பவும் போடுவார்கள், அது சில விநாடி. எல்லாம் விதிப்படி நடந்தாலே மிச்சம் 20, 21 நிமிடம்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாருங்கள், விதியின் கதியும் தெரிந்துவிடும்.

அந்த 20 நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் எல்லாரும் நிற்கிறார்கள், மருமகள் கன்னத்தில் ஓர் அடி விழுகிறது. அடி விழ ஒரு விநாடி. அதையே மூன்று கோணத்தில், ஸ்லோ மோஷனில், மூன்று தரம் காட்டினால் 9 விநாடி. கூடத்தில் ஒன்பது பேர். ஒரு முகத்துக்கு 3 விநாடி வீதம் ரியாக்‌ஷன் 27 விநாடி. பிறகு அடித்தவர், அடி வாங்கியவள், மாமியார், வில்லி என்று நாலு பேருக்கு மட்டும் இன்னொரு சுற்று, தலா 4 விநாடி, அது 16. கூட்டினால் 52 விநாடி. வசனம் ஒரு வார்த்தை கிடையாது. இந்த அடி இடைவேளை முடிந்ததும் ஒரு முறை, மறுநாள் முன்கதையில் ஒரு முறை, அவள் மொட்டை மாடியில் நின்று நினைத்துப் பார்க்கையில் கறுப்பு வெள்ளையில் ஒரு முறை என்று திரும்பத் திரும்ப விழும். ஒரு விநாடிச் சங்கதி இரண்டரை நிமிடத்துக்குக் குறையாமல் இடத்தை அடைத்துவிட்டது.

சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். ஆனால் நாளைக்கு 21 நிமிடம், வாரம் ஆறு நாள் என்றால் 126 நிமிடம். வாரத்துக்கு ஒரு முழுநீளப் படம் எழுதி, எடுத்து, வெட்டி, ஒலி சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம் அது. இதில் நடிகர்களின் கால்ஷீட் வேறு. மாமியாராக நடிப்பவருக்குச் செவ்வாய்க்கிழமை, மருமகளாக நடிப்பவருக்கு வியாழக்கிழமை. நேருக்கு நேர் நின்று சண்டை போடும் காட்சியில் இருவரும் ஒரே ஃப்ரேமில் முகம் தெரிய வருகிறார்களா என்று அடுத்த முறை கவனியுங்கள். வராவிட்டால் அது வேறு வேறு நாளில் எடுத்த க்ளோஸ்-அப்பாக இருக்கலாம், எதிரில் நின்று வசனத்தைப் படித்தவர் உதவி இயக்குநராக இருக்கலாம். தோளுக்கு மேலாக எடுக்கும் சஜஷன் ஷாட்டில் தெரிகிற முதுகும் அதே நடிகையுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. புடவை நிறம் ஒத்துப்போனால் போதும். ரியாக்‌ஷன் ஷாட் மட்டும் யாரும் இல்லாமலே எடுக்கலாம். ‘அதிர்ச்சியாப் பாருங்க, இப்ப கோபமாப் பாருங்க, லேசாச் சிரிங்க’ என்று பத்து நிமிடத்தில் எடுத்து வைத்தால் பல நாள் ஓடும்.

கைவசம் முன்கூட்டியே தயாராக இருக்கும் எபிசோடுகளைப் ‘பேங்க்’ என்பார்கள். பத்துப் பன்னிரண்டு எபிசோடு பேங்கில் இருந்தால் யூனிட் நிம்மதியாக இருக்கும். மழை, உடம்பு சரியில்லை, வெளியூர்ப் படப்பிடிப்பு என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் பேங்க் கரைந்து, இன்று இரவு போக வேண்டியது இன்று மதியம்தான் எடிட்டிங்குக்கு வரும். அப்போது கைகொடுப்பது பழைய காட்சிகள். செலவில்லாத ஃபுட்டேஜ் அது. ஒரு வாரம் திடீரென்று எல்லாரும் கூட்டமாகப் பழசை நினைத்துப் பார்க்கத் தொடங்கினால், கோயிலில் முழுப் பாட்டுக்கும் விளக்கேற்றினால், பேங்க் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தை அப்படியே விட்டுவிடலாம், கதையில் ஒன்றும் தவறிப்போகாது. ஒரு முக்கிய பாத்திரம் காரணமில்லாமல் டெல்லிக்கு வேலையாகப் போனாலோ, விபத்தில் சிக்கி முகத்தில் கட்டோடு படுத்தாலோ, சீக்கிரமே ‘இவருக்குப் பதில் இவர்’ அட்டை வரும்.

‘மகாசங்கமம்’ என்று இரண்டு தொடர்களை ஒட்டி ஒரு மணி நேரம் போடுவதற்கும் காரணம் கதை கிடையாது. நன்றாக ஓடும் தொடரின் பார்வையாளர்களைச் சுமாராக ஓடும் தொடருக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போகும் ஏற்பாடு அது. இரண்டு கூட்டுக் குடும்பமும் ஒரே கல்யாண மண்டபத்தில் சந்திக்கும். இருபது முகம். ரியாக்‌ஷன் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் டிஆர்பிக்காக என்று எல்லாருக்கும் தெரியும். அது எப்படி எடுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பார்க் என்ற அமைப்பு நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. சேனலின் ஒலியிலேயே நம் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளம் கலந்து வரும், மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். யார் பார்க்கிறார்களோ அவர் அழுத்த வேண்டும். நிமிடம் நிமிடமாகப் பதிவாகும். சனிக்கிழமை தொடங்கி வெள்ளி வரை ஒரு வாரம், வியாழக்கிழமை முடிவு வெளியாகும். நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு என்பதால்தான், விளம்பரத்துக்கு முந்தைய விநாடியில் கதவு திறக்கிறது, போன் மணி அடிக்கிறது, வில்லி திரும்பிப் பார்க்கிறாள். திறந்த கதவு வழியாக வருவது பால்காரராகவும் இருக்கலாம்.

இதில் வீட்டுக்கு வீடு ஒரு தவறான நம்பிக்கை. ‘நாம பார்க்கலேன்னா நம்ம சீரியலுக்கு ரேட்டிங் குறைஞ்சிடும்’ என்று பிடித்த தொடருக்காக விடாமல் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். ‘நாங்கள் பார்ப்பதை நிறுத்திப் பாடம் புகட்டினோம்’ என்பவர்களும் இருக்கிறார்கள். மீட்டர் இல்லாத வீட்டில் டி.வி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிஆர்பியில் ஒரு புள்ளிகூட அசையாது.

இனி, பார்க்கத் தகுந்ததாக நான் நினைப்பவை. தூர்தர்ஷன் காலத்தில் தொடர் என்றால் வாரம் ஒரு நாள், பதின்மூன்று வாரம். கூடினால் இருபத்தாறு. கதையை முடித்தே ஆக வேண்டும். அந்த வார வழக்கத்தின் பலனைத் தனியார் சேனலிலும் பார்த்தோம். 1990-களின் பிற்பகுதியில் வந்த ‘விடாது கருப்பு’ வாரம் ஒரு முடிச்சு போட்டது, அடுத்த வாரம் அதை அவிழ்த்துவிட்டு இன்னொன்று போட்டது. நடுவில் ஏழு நாள் ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. பார்த்த நேரம் குறைவு, பேசிய நேரம் அதிகம். 1999 டிசம்பரில் சன் டி.வி.யில் இரவு 9.30-க்குத் தொடங்கிய ‘சித்தி’க்குப் பிறகுதான் தினமும் இரவில் தொடர் என்பது வீட்டு வழக்கமாக வேரூன்றியது. அதுகூட 467 எபிசோடில், 2001 நவம்பரில் முடிந்துவிட்டது. இன்றைக்கு 467 என்றால் கதாநாயகிக்கு இரண்டாவது முறை தாலி கட்டும் கட்டம்.

‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை, 811 எபிசோடு. இயக்கியவர் திருமுருகன். மனைவியை இழந்த சிதம்பரம், அவருக்கு ஐந்து பெண்கள். கல்யாணம் ஆக ஆக ஐந்து புகுந்த வீடுகள் கதைக்குள் வந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் விழுந்த பேச்சின் எதிரொலி இன்னொரு வீட்டில் கேட்கும். அதனால் இழுப்பதற்கு முகங்களைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டிய தேவையே குறைவாக இருந்தது. சண்டையின் காரணமும் சீர், செலவு, சொல் என்று நம் வீட்டில் நடக்கக்கூடிய அளவிலேயே இருந்தது. யாரும் யாருக்கும் பாலில் விஷம் கலக்க வேண்டியிருக்கவில்லை. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று சேனல்கள் கையைப் பிசைந்தபோது அதையே மறுபடி ஒளிபரப்பினார்கள். மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

‘கோலங்கள்’ பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை, 1,533 எபிசோடு. கட்டுமானத் தொழில் நடத்தும் பெண்ணாக அபியை நிறுத்தியது, தேவயானி அதைச் சத்தமில்லாமல் செய்தது, அலுவலகத்துச் சங்கதிகளைக் கூடத்துச் சண்டைக்குச் சமமாக வைத்தது எல்லாம் அன்றைக்குப் புதிது. ஆனால் வில்லன் ஆதியின் பகை ஒரு கட்டத்துக்கு மேல் செக்குமாடு மாதிரி சுற்றத் தொடங்கிவிட்டது. எபிசோடுக்கு அரை மணி என்றால் மொத்தம் 766 மணி நேரம். இரவு பகல் தூங்காமல் பார்த்தால் 32 நாள். பாதியில் முடித்திருந்தால் அதைத்தான் முதல் இடத்தில் வைப்பேன்.

கையில் ஸ்டாப்வாட்ச் இருப்பவர்களுக்கு மறக்க முடியாத நாள் 2014 மார்ச் 5. காரைக்குடி வட்டாரத்தில் எடுக்கப்பட்ட ‘நாதஸ்வரம்’ தொடரின் ஆயிரமாவது எபிசோடை ஒரே ஷாட்டில், நேரடி ஒளிபரப்பாகச் செய்தார்கள். 23 நிமிடத்துக்கு மேல் ஒரு கட் கூட இல்லை, கின்னஸில் இடம்பிடித்தது. கட் இல்லை என்றால் அடியை மூன்று தரம் காட்ட முடியாது, ஒன்பது முகத்துக்கும் தனித்தனியாகப் போக முடியாது. வசனம் பேசியாக வேண்டும், நடந்தாக வேண்டும். ஒரு அரை மணி ஸ்லாட்டில் எவ்வளவு கதை பிடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அண்மையில் பார்த்ததில் ‘எதிர்நீச்சல்’, 2022 பிப்ரவரியிலிருந்து 2024 ஜூன் வரை. நாலு மருமகள்களையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்காமல் ஒரு பக்கமாக நிறுத்திய துணிச்சல் அதில் இருந்தது. எதிர்ப் பக்கத்தில் ஆதி குணசேகரன் ஒருவர் போதும். மாரிமுத்து அந்த வேடத்தைச் செய்த விதம், வில்லன் என்று ஒதுக்க முடியாமல், ‘எங்க பெரியப்பா இப்படித்தான்’ என்று சொல்ல வைத்தது. 2023 செப்டம்பர் 8-இல் அவர் இறந்தபோது, ‘இவருக்குப் பதில் இவர்’ அட்டை எல்லா இடத்திலும் வேலை செய்யாது என்று தெரிந்தது. பின்னால் வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர்தான். ஆனால் அந்தக் கதை ஒரு மனிதரின் குரலையும் தோள் துண்டையும் அச்சாக வைத்துச் சுற்றியது. அச்சு போனபின் தேர் அசையத் திணறியது.

சரி, எவ்வளவு பார்த்தால் அதிகம்? மாலையில் நாலு தொடர் என்பது சாதாரணம். இரண்டு மணி நேரம், வாரத்துக்கு 12, வருடத்துக்கு 624 மணி நேரம். 26 முழு நாள். அதில் விளம்பரம் மட்டும் விதிப்படி 125 மணி நேரம். மின்சாரச் செலவைக் காட்டி நிறுத்தச் சொல்கிறவர்களின் வாதம் மட்டும் நிற்காது. 50 வாட் எல்இடி டி.வி. ஐந்து மணி நேரம் ஓடினால் கால் யூனிட், இரண்டு மாத பில்லில் 15 யூனிட். போவது நேரமும் தூக்கமும் இடுப்பும்தான்.

குறைக்க நினைப்பவர்கள் முதல் வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். ஒரு பழைய டைரியை எடுத்து, பார்க்கும் தொடர் ஒவ்வொன்றுக்கும் அன்றன்று புதிதாக நடந்தது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘அழுதாள்’, ‘முறைத்தாள்’ எல்லாம் செல்லாது. யார் எங்கே போனார், யாருக்கு என்ன தெரிந்தது, எது கை மாறியது, அது மட்டும். ஆறு நாளில் மூன்று நாள் இரண்டு வரி தேறாத தொடரை விட்டுவிடலாம். நாலில் குறைந்தது இரண்டு அடிபடும் என்பது என் அனுமானம். சண்டை போட்டு டி.வி.யை அணைக்கிற வீடுகளில் இது நடக்காது. மறுநாள் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் போர்வைக்குள் செல்போனில் பார்ப்பார்கள். அது இன்னும் மோசம்.

விட மனமில்லாத தொடரைக் குறைத்துப் பார்க்க வழி உண்டு. ப்ரோமோவில் காட்டுவது பெரும்பாலும் அடுத்த எபிசோடின் கடைசிக் கட்டத்தில்தான் வரும். அதற்காக மட்டும் உட்காருகிறவர் எட்டு மணித் தொடருக்கு 8.18-க்கு வந்தால் போதும். சனிக்கிழமை ஒரு கொக்கி போடுவார்கள், திங்கட்கிழமை அதை அவிழ்ப்பார்கள். அந்த இரண்டு நாளும், நடுவில் ஏதாவது ஒரு நாள் முன்கதையும் பார்த்தால் கதை கையை விட்டுப் போகாது. சேனல்களின் செயலியில் பார்ப்பவர்கள் டைட்டிலையும் முன்கதையையும் தாண்டிவிடலாம். வேகத்தைக் கூட்டும் வசதி இருந்தால் 1.25 வைத்தால் 21 நிமிடம் 17-க்குள் அடங்கும். 1.5 வைத்தால் அழுகை சிரிப்பு மாதிரி கேட்கும், வேண்டாம். செயலியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அடுத்த எபிசோட் தானாக ஓடும் ஆட்டோபிளேயை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாலு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் நள்ளிரவாகிவிடும். செட்டாப் பாக்ஸில் யூ.எஸ்.பி. துளை இருந்து, பதிவு செய்யும் வசதியும் இருந்தால், பதிவு செய்து விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். அதற்கு வெறும் பென் டிரைவையே செருகுங்கள். பல பாக்ஸ்கள் உள்ளே இருப்பதை அழித்துத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டுதான் பதிவைத் தொடங்கும். கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவ் அப்படிப் போனால் திரும்பி வராது. பதிவான எபிசோடும் பெரும்பாலும் அந்தப் பாக்ஸில்தான் ஓடும், வேறு எங்கும் ஓடாது.

இது எதுவும் வேண்டாம், நேரத்துக்கு உட்கார்ந்துதான் பார்ப்போம் என்பவர்களுக்கு விளம்பர நேரம் இருக்கிறது. அரை மணிக்கு 6 நிமிடம், நாலு தொடருக்கு 24, ஆறு நாளைக்கு 144 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாசலுக்கும் கொல்லைக்கும் கொஞ்சம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு நேராகிவிடும். நடக்கவிடாமல் கெடுப்பது செல்போன். விளம்பரம் வந்ததும் கை தானாக அதற்குப் போகும், தொடர் திரும்ப ஆரம்பித்த பிறகும் தலை நிமிராது. ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டுக்கொண்டே இரண்டையும் பாதி பாதி பார்ப்பது. சாப்பாட்டுத் தட்டும் அப்படித்தான். கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் எத்தனை தோசை உள்ளே போனது என்று கணக்கே இருக்காது. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை நேரத்தைத் தொடரின் நேரத்தோடு கட்டிவைப்பதும் ஆபத்து. சிறப்பு ஒளிபரப்பு என்று நேரத்தை மாற்றினால் மாத்திரையும் மாறும். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

சத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு தகராறு அதில்தான். தட்டை டி.வி.க்களில் ஸ்பீக்கர் கீழே அல்லது பின்பக்கம் பார்த்து இருக்கும். வசனம் சுவரில் பட்டு மங்கித்தான் வரும். தொடர்களிலோ வசனத்துக்குக் கீழே வயலினும் உறுமியும் ஓயாது. காது மந்தமான பெரியவர் வசனத்துக்காகக் கூட்டி வைப்பார், விளம்பரம் வந்ததும் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். டி.வி. மெனுவில் ஒலி அமைப்புக்குள் போய் ‘க்ளியர் வாய்ஸ்’ மாதிரி பேச்சைத் தூக்கிக் காட்டும் அமைப்பு இருந்தால் அதை வையுங்கள். ‘ஆட்டோ வால்யூம்’ இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், விளம்பரத்தின் இரைச்சல் அடங்கும். இரண்டும் செய்து, மற்றவர்களுக்குத் தாராளமாகக் கேட்கிற சத்தத்திலும் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்டால், பார்க்க வேண்டியது காது டாக்டரை. உட்காரும் தூரம் திரை அளவைப் போல ஒன்றரையிலிருந்து இரண்டரை மடங்கு. 32 அங்குலத்துக்கு நாலடியிலிருந்து ஆறரை அடி, 43 அங்குலத்துக்கு ஐந்தரையிலிருந்து ஒன்பது. ஷோகேஸுக்கு மேலே, நிலைப்படி உயரத்தில் மாட்டிவிட்டு, கழுத்து வலிக்குத் தைலம் தேய்ப்பதில் பயனில்லை. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பேரம் வேண்டாம். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு டி.வி.யைக் காட்டிச் சோறூட்டுவது பழக்கமாகிவிட்டது. இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். பாட்டி மடியில் உட்கார்ந்து நாலு தொடர் பார்க்கிற குழந்தைக்கு அந்த ஒரு மணி எப்போதோ தாண்டிவிட்டது.

கடைசியாகப் புகார். மந்திரித்த தாயத்து, மருமகளை அடித்து வழிக்குக் கொண்டுவருதல் போன்றவற்றைப் பார்த்துப் பொருமிவிட்டு விட்டுவிடுகிறோம். முகநூலில் திட்டினால் அது தொடருக்கு இலவச விளம்பரம். மூடநம்பிக்கையை வளர்ப்பதும் பெண்களை இழிவாகக் காட்டுவதும் கேபிள் டி.வி. விதிகளின் 6-ஆம் விதியில் தடை செய்யப்பட்டவை. விளம்பரம் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக் கூடாது என்று 7-ஆம் விதி சொல்கிறது. 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புகார் முதலில் சேனலின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல், 15 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால், வந்தும் திருப்தி இல்லாவிட்டால், அடுத்த 15 நாளுக்குள் சேனல் சார்ந்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்கும் மேலே மத்திய அரசு.

புகார்கள் விழுந்துபோவது எழுதுகிற விதத்தால். ‘உங்கள் சீரியல்கள் சமுதாயத்தைச் சீரழிக்கின்றன’ என்று மூன்று பக்கம் எழுதினால் குப்பைக்குப் போகும். சேனல் பெயர், தொடர் பெயர், ஒளிபரப்பான தேதி, மணி, எபிசோட் எண். பிறகு, இத்தனாவது நிமிடத்தில் இந்தப் பாத்திரம் இதைச் செய்தது அல்லது இந்த வசனத்தைச் சொன்னது, இது இந்த விதிக்கு எதிரானது என்று பத்து வரி. கெட்டவள் கெட்டதைச் செய்கிறாள் என்பது மட்டும் புகாராகாது. கதை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அடித்தவன் திருந்தும் கட்டம் அடுத்த வாரம் வருகிறது என்று சேனல் பதில் எழுதும். அதற்கும் சேர்த்து இரண்டு வாரத்து எபிசோடுகளைக் குறித்து வைத்துக்கொண்டால் மேல்முறையீட்டில் பேச வசதி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். டி.வி. நிகழ்ச்சி நிரலைத் தினமும் அச்சிடுகிறீர்கள், ரிமோட்டை அழுத்தினால் அது திரையிலேயே தெரிகிறது. அந்த இடத்தில், முந்தைய இரவு பத்துத் தொடர்களில் புதிதாக நடந்ததைத் தொடருக்கு இரண்டு வரி வீதம் போடுங்கள். முறைத்தது, அழுதது வேண்டாம், நடந்தது மட்டும். மொத்தம் இருபது வரிதான், ஒரு பத்தி அகலத்தில் ஒரு சாண் வராது. ‘நேற்று புதிதாக ஒன்றும் நடக்கவில்லை’ என்ற வரியை மட்டும் நிரந்தரமாக டைப் செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பக்கம் வடிவமைப்பவருக்கு வேலை மிச்சம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்